புள்ளிச்சிப் பாட்டு

சிரித்த முகமாக இருக்க வேண்டும். பாடும்போது ஜனம் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, பாடாமல் மேடையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பார்க்கிறது என்று இவர் சொல்வார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் தனுஷ்கோடி, அதோ கீபோர்டுக்குப் பின்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு வாசிக்கிறாரே, அவர்தான், எங்கள் தேன்சுவை மெல்லிசைக் குழுவுக்கு முதலாளி, வேன் ஓட்டுநர், ஒலிபெருக்கி தூக்குகிறவர் எல்லாம். அதனால் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் முதுகு படாமல் உட்கார்ந்து, புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கள் குழுப் பையன் சபா பாடுகிற குத்துப்பாட்டுக்குக் கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டு சிரிக்கிறேன். இந்தப் பாட்டு முடிந்தால் மைக் என் கைக்கு வரும். வந்ததும் அந்தப் பாட்டைப் பாடுவதா, வேண்டாமா. பாடிவிடு வேணி. வேண்டாம் வேணி. சபா இப்போதுதான் பல்லவியில் நிற்கிறான், அவசரமில்லை, நடுவில் டிரம்ஸ்காரருக்குத் தனியாக ஒரு பிட் இருக்கிறது, மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆட வந்துவிட்டார்கள், அவர்கள் ஆடினால் சபா நிறுத்தமாட்டான், நிறுத்தாதே சபா, உனக்குப் புண்ணியமாகப் போகும், விடிய விடியப் பாடு.

ஒட்டன்சத்திரத்தில் இந்த மண்டபத்துக்கு இதற்கு முன்னாலும் வந்திருக்கிறோம், ஆனால் இவ்வளவு கூட்டம் பார்த்ததில்லை. பெண்ணின் அப்பா கோவிந்தப்பன் நங்கூரக் கட்சியின் நகரச் செயலாளர். வாசலில் இரண்டு பக்கமும் தெர்மாகோலில் நங்கூரம் செய்து வைத்திருக்கிறார்கள், கடல் இங்கிருந்து எத்தனையோ மைல் தள்ளி, இந்த ஊருக்குக் குடிதண்ணீரே லாரியில்தான் வருகிறது. கட்சிக்காரர்களுக்குப் பெயர் கிடையாது, பதவிதான் பெயர். நகரம் வந்தாச்சா, ஒன்றியம் சாப்பிட்டாச்சா, வட்டத்துக்கு ஒரு காப்பி குடுப்பா. முன் வரிசை சோபாவில் நடுவாக உட்கார்ந்திருப்பவர் மாவட்டம். பெரிய உடம்பு. மாவட்டம் என்ற பெயர் அவருக்குப் பொருந்துகிறது, ஓரத்தில் ஒன்றிரண்டு தாலுகாவைக் கழித்தாலும் தெரியாது. அவர் கைதட்டினால் பின்னால் பத்து வரிசை தட்டுகிறது. அவர் மூக்கைச் சொறிந்தபோது ஒன்றியமும் மூக்கைச் சொறிந்ததை நான் பார்த்தேன். அந்த மாவட்டத்துக்கு முன்னால்தான், மூன்றடி தூரத்தில் நின்று, குடைக்கட்சித் தலைவர் செத்துப்போனபோது டிவியில் போட்ட பாட்டைப் பாட வேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டது யார், குடைக்கட்சிக்காரனா. இல்லை. பெண்ணைப் பெற்றவள். நகரத்தின் சொந்தப் பெண்டாட்டி.

உடை மாற்றுகிற அறையில் நான் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டாமல் வந்தாள், திலகவதி என்று பெயராம், பட்டுப்புடவையில் வியர்த்திருந்தாள், காலையிலிருந்து நிற்கிறவளின் கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உட்காருங்கக்கா என்றேன். உட்காரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க அந்த ஆட்டுக்குட்டிப் பாட்டை நல்லாப் பாடுவீங்களாமே. எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துல பாடுனீங்க, நான் கேட்டுருக்கேன். இன்னைக்கு அதை ஒரு தடவை பாடிருங்க. எம் பொண்ணு செல்வியைச் சின்னப்புள்ளையில அந்தப் பாட்டுப் பாடித்தான் தூங்க வைப்பேன். வேற எதுக்கும் தூங்கமாட்டா. அந்த மனுசன் செத்து, டிவில போட்டாங்க பாருங்க, அதோட எங்க வீட்டுல அந்தப் பாட்டு நின்னுபோச்சு. வாய்க்குள்ள முணங்குனாக்கூட இவர் திரும்பிப் பாப்பாரு. இன்னைக்கு அவ ஓசூருக்குப் போறா." அவ்வளவுதான் சொன்னாள், அழவில்லை, அழுதிருந்தால் நான் தப்பித்திருப்பேன், அழுகிறவர்களுக்குத் தலையை ஆட்டிவிட்டு மறந்துபோவது எனக்குப் பழக்கம்தான். அவள் என் கையில் ஒட்டியிருந்த பவுடரைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள். அவள் போய் முகத்துக்கு இன்னொரு பூச்சுக்கூடப் போட்டிருக்கமாட்டேன், வாசலில் இருமல் சத்தம், கோவிந்தப்பன். உள்ளே வராமல் கதவுக்கு வெளியே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார், மரியாதையான மனிதர். "தங்கச்சி, எது வேணா பாடுங்க. புதுசு, பழசு, சாமிப்பாட்டு, எல்லாம் பாடுங்க. அந்த ஒண்ணு மட்டும் வேண்டாம். எதுன்னு உங்களுக்கே தெரியும். மாவட்டம் வந்துருக்காரு." தெரியும்ணே என்றேன். தெரியாமல் என்ன. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே பாட்டை நினைத்துக்கொண்டு ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கு இந்தத் தலைவலி வந்திருக்காது.

அந்தப் பாட்டு என்ன பாவம் செய்தது. ஆடு மேய்க்கப் போன ஒரு பெண், பொழுது சாய்ந்த பிறகு எண்ணிப் பார்த்தால் ஒரு குட்டியைக் காணோம், தேடிப் போகிறாள், புள்ளிச்சி ஏ புள்ளிச்சி என்று கூப்பிடுகிறாள், முருங்கைக்கீரை தருகிறேன் வா என்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. பாடிய அம்மா அந்த ஒன்றைத்தான் பாடினார், அதற்குப் பிறகு எங்கே போனார், இருக்கிறாரா, யாருக்கும் தெரியாது. ரேடியோவில் எப்போதாவது மத்தியானத்தில் போடுவார்கள், வீட்டு வேலை செய்கிற பெண்களுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. அப்புறம் குடைக்கட்சித் தலைவர் காலமானார். பூப்போட்ட வண்டியில் அவரைக் கொண்டுபோவதை டிவியில் காட்டிக்கொண்டேயிருந்தார்கள், சோகமாக ஏதாவது போடப்பா என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அங்கே இருந்த எவனோ கைக்குக் கிடைத்ததைப் போட்டிருப்பான், தேடுகிற பாட்டு, பொழுது சாய்கிற பாட்டு, பொருந்திப்போயிற்று. அன்றோடு புள்ளிச்சி செத்துத் தலைவர் ஆனாள். தலைவருக்கு ஆட்டுக்குட்டி பிடிக்கும் என்பது வாஸ்தவம், ஆனால் குழம்பில். இருந்தும் குடைக்கட்சிக்காரன் இந்தப் பாட்டைக் கேட்டால் துண்டால் கண்ணைத் துடைக்கிறான், நங்கூரக் கட்சிக்காரன் கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிறான். நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பொம்பிளைக்குத் துண்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஆத்தங்கரை மாரியம்மன் திருவிழாவில் செல்லம் இப்படித்தான் பாடினாள். செல்லம் வேறு குழு, என் சிநேகிதி, எதையும் யோசிக்காமல் வாயைத் திறக்கிறவள். பல்லவி முடிவதற்குள் ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் விசில், அப்புறம் நாற்காலி பறந்தது. செல்லம் தேர் நிறுத்துகிற கொட்டகைக்குள் ஓடி, தேர்ச் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள், போலீஸ் வந்து வெளியே வாம்மா என்று கூப்பிட்டபோது உடம்பு மாட்டிக்கொண்டது, போகும்போது எப்படிப் போனேன் வரும்போது ஏன் வர முடியலை, தெரியலையே வேணி என்று என்னிடமே கேட்டாள். அவர்கள் கீபோர்டு இரண்டு துண்டு. நான் செல்லத்தைவிடக் குண்டு. இங்கே தேர்க்கொட்டகையும் கிடையாது, பின்பக்கம் பந்தி நடக்கிற இடம்தான், சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் ஒளியலாம், பட்டுப்புடவை போய்விடும். பட்டுப்புடவை என்றதும் நினைவுக்கு வருகிறது, இன்றைக்குச் சாயங்காலம் இவர் என்ன பாடு படுத்தினார். நீலம் வேண்டாம், நங்கூரம், பாக்குறவன் நீ கட்சியில சேந்துட்டேன்னு நெனப்பான். பச்சையில கறுப்புக் கரை வேண்டவே வேண்டாம், குடை. மஞ்சள் கட்டட்டுமா என்றேன், சீப்புக் கட்சி இருக்குல்ல என்றார், சீப்புக் கட்சியில் இந்தத் தாலுகாவில் மொத்தமே ஏழெட்டுப் பேர், அதில் பாதிப் பேருக்குத் தலையில் மயிர் இல்லை, இருந்தாலும் எதற்கு வம்பு என்றார். கடைசியில் காப்பிப்பொடி நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இந்தக் கலருக்கு இன்னும் கட்சி வரல. வர்றதுக்குள்ள கட்டிக்க." பாட்டிலும் இதே கதைதான். மழைப்பாட்டு எல்லாம் போயிற்று, மழை என்றால் குடை. படகுப்பாட்டு போயிற்று, கூந்தல் பாட்டு போயிற்று. காதல் பாட்டில் மழையும் படகும் கூந்தலும் இல்லாமல் என்ன இருக்கும், எடுத்துப் போட்டால் மிச்சம் ரெண்டு தும்மல்தான். குழுவுக்கே முதலில் தேன்மழை என்று பெயர் வைத்திருந்தோம், மழை இருக்கிறதே என்று போர்டை அழித்துத் தேன்சுவை ஆக்கினார். நல்ல மனிதர். பயம்தான் அவருக்கு உடம்பு, எலும்பு இடையில் கொஞ்சம்.

அவரைச் சொல்லி என்ன, நான் மட்டும் பெரிய வீராங்கனையா, குடையார் செத்ததற்கப்புறம் நானும்தானே அதைப் பாடவில்லை. சொந்தச் சமையலறையில் பாடினேனா. பக்கத்து வீட்டில் சீப்புக் கட்சிக்காரர் இருக்கிறார் என்று பாடவில்லை. ஆனால் தொண்டைக்குத் தெரியும். மற்ற பாட்டெல்லாம் பாடினால் ஜனம் என்ன சொல்கிறது, அப்படியே அவங்க மாதிரியே இருக்கு, இவங்க மாதிரியே இருக்கு, கண்ணை மூடிக்கிட்டா ரெக்கார்டு மாதிரியே இருக்கு. சந்தோஷம்தான், அதற்காகத்தானே கூப்பிடுகிறார்கள், நான் அவர்கள் மாதிரி மூக்கால் பாடுகிறேன், இவர்கள் மாதிரி மூச்சு விடுகிறேன், இருமினால்கூட யார் மாதிரி இருமலாம் என்று யோசிக்கிறேன். புள்ளிச்சிப் பாட்டுக்கு மட்டும் மாதிரி கிடையாது. அந்த அம்மாளின் குரல் யார் காதிலும் தங்கவில்லை, அதனால் நான் பாடினால் அது என் குரல்தான். ஒருமுறை பழனியில் பாடி இறங்கியபோது தேங்காய் விற்கிற ஒருவர் சொன்னார், உங்க குரல் நல்லாருக்கும்மா என்று. உங்க குரல். அன்று வேனில் வரும்போது இவரிடம் அதைச் சொன்னேன், இவர் ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர் என்றார். சரி, இப்போது அதற்கு என்ன, குரலா முக்கியம், தலை முக்கியம். வேண்டாம். முடிவு செய்தாகிவிட்டது. வேண்டாம். திலகவதியிடம் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லலாம். சொல்லிவிட்டு அடுத்த பாட்டு எப்படிப் பாடுவது. ஆட்டுக்குட்டியைக் கன்றுக்குட்டியாக்கிப் பாடினால் என்ன, புள்ளிச்சிக்குப் பதில் லட்சுமி. ஆனால் மெட்டு காட்டிக்கொடுத்துவிடும், குற்றம் செய்தது மெட்டுதான், வார்த்தை வெறும் கூட்டாளி. வார்த்தையே இல்லாமல் உம் உம் என்று பாடினால், உம் என்பதற்குள் இரங்கல் இருக்கிறது என்பார்கள். ரொம்ப வேகமாகப் பாடிவிட்டால் குத்துப்பாட்டு என்று நினைத்துக்கொள்வார்கள், குத்துப்பாட்டு வேகத்தில் ஆட்டைத் தேடினால் ஆடு பயந்து ஓடிவிடும்.

டிரம்ஸ் பிட் முடிந்துவிட்டது. எதற்கு முடிந்தது. சபா கடைசிப் பல்லவிக்கு வந்துவிட்டான், ஆடினவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆடக்கூடத் தெம்பு இல்லை. திலகவதி மணமேடைக்குப் பக்கத்தில் நின்று பரிசுப்பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், என்னைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பது தெரிகிறது. கோவிந்தப்பன் மாவட்டத்துக்குப் பின்னால் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். நடுவில் அந்தப் பெண். நாவாய்ச்செல்வி என்று முழுப்பெயர், நங்கூரத் தலைவர் மாநாட்டு மேடையில் பிள்ளையைத் தூக்கி வைத்த பெயராம், நாவாய் என்றால் கப்பல் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லியே வளர்ந்திருப்பாள். போட்டோகிராபர் அவளிடம் நாடியை நிமிர்த்துங்க, லேசாச் சாய்ங்க, சிரிங்க, இன்னும் கொஞ்சம் சிரிங்க என்கிறார். அவள் சிரிக்கிறாள். உதடு மட்டும் சிரிக்கிறது, கால் வலிக்கிறது அவளுக்கு, யாரோ வருகிறார்கள், பெட்டியைக் கொடுக்கிறார்கள், அவள் சிரிக்கிறாள். ஐயோ, இது என் சிரிப்பு. பாடாமல் மேடையில் நிற்கிறவளின் சிரிப்பு. அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லியிருப்பார்கள், முகத்தை நல்லா வச்சுக்க, எல்லாரும் உன்னையத்தான் பாப்பாங்க என்று.

சபா முடித்துவிட்டான். கைதட்டல். மைக் என் கையில், அவன் வியர்வையோடு. இவர் மணமக்களை வாழ்த்துகிற பாட்டுக்கு முன்னிசையை ஆரம்பித்துவிட்டார், பதினாறும் பெற்று வாழ்க என்று வருமே, பாதுகாப்பான பாட்டு, எந்தக் கட்சியும் பதினாறுக்கு விரோதம் இல்லை. முன்னிசை வந்து நின்றது. நான் எடுக்கவில்லை. இவர் என்னைப் பார்த்துவிட்டு இன்னொரு சுற்று வாசித்தார். நான் எடுக்கவில்லை. மூன்றாவது சுற்றில் இவர் கண்ணில் ஏதோ புரிந்தது, வேண்டாம் என்பதுபோல் தலையை ரொம்பக் கொஞ்சமாக ஆட்டினார், வாய் மட்டும் ஜனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன், என்ன வரும் என்று சத்தியமாக எனக்கே தெரியாது. புள்ளிச்சி, ஏ புள்ளிச்சி, பொழுது சாஞ்சு போச்சுதே. வந்துவிட்டது. வாசிப்பு நின்றுபோனது. மண்டபத்தில் ஏசி சத்தம் கேட்கிறது. என் குரல் தனியாக நடந்துபோகிறது, பந்தியில் இலை போடுகிற சத்தமும் நிற்கிறது, பரிசு கொடுக்க வரிசையில் நிற்கிறவர்கள் பெட்டியோடு திரும்பிப் பார்க்கிறார்கள். ஒன்றியம் மாவட்டத்தைப் பார்க்கிறது. வட்டம் ஒன்றியத்தைப் பார்க்கிறது. மாவட்டம் யாரைப் பார்ப்பது, அவருக்கு மேலே மின்விசிறிதான். எழுந்திருக்கப் போகிறார், சோபாவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார், சாம்பார் அண்டா எந்தப் பக்கம் வேணி. அப்போது இவர் வாசிக்கத் தொடங்கிவிட்டார். அண்டாவைத் தேடிய கண் தானாக அவர் பக்கம் போகிறது. என் வீட்டுக்காரர், முகம் வெளுத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கை தடவுகிற மாதிரி மெதுவாக அடியில் ஒரு சுருதி பிடிக்கிறார், எவ்வளவு நாளாயிற்று, விரல் மறக்கவில்லை. மணமேடையில் அந்தப் பெண் பெட்டியை வாங்காமல் நிற்கிறாள். உதட்டுச் சிரிப்பு போய்விட்டது. அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள், திலகவதி அவள் முதுகில் தட்டுகிறாள், தூங்க வைக்கிற தட்டு, பாட்டின் தாளத்துக்குச் சரியாக. வீடியோக்காரர் அதைப் பிடித்துவிட்டு அப்படியே கேமராவை மாவட்டத்தின் பக்கம் திருப்புகிறார். பெண் அழுகிறாள், கேமரா பார்க்கிறது. மாவட்டம் கைப்பிடியை விட்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் சேர்த்தார், சேர்ந்தது தட்டலாகிவிட்டது, தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் தட்டுகிறார். ஒன்றியம் தட்டுகிறது. பத்து வரிசை தாளம் தப்பித் தட்டுகிறது. நான் அவர்களையும் இழுத்துக்கொண்டு முதல் சரணத்தை முடித்து, இவ்வளவு போதும் தாயே என்று இரண்டாவதை விழுங்கிவிட்டு, பல்லவியைப் பாடி உட்கார்ந்துவிட்டேன்.

கோவிந்தப்பன் வருகிறார். வேகமாக வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படி ஏறுகிறார். இவர் கீபோர்டை ஒரு கையால் அணைத்துக்கொண்டார், கட்டின பெண்டாட்டி இந்தப் பக்கம் இருக்கிறேன். கோவிந்தப்பன் என் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தார், மூச்சில் வெற்றிலை வாசனை. "என்ன தங்கச்சி இப்படிப் பண்ணிட்டீங்க."

"இல்லண்ணே, வந்து..."

"ரெண்டாவது சரணம் எங்க."

எனக்குக் காது கேட்கவில்லையோ என்று பார்த்தேன்.

"ரெண்டாவதுலதான குட்டி கெடைக்கும். கெணத்து மேட்டுல நிக்கும்ல. நீங்க பாதியில விட்டா அது இன்னும் காட்டுலயே நிக்குது. இந்த டிவிக்காரப் பயகளும் இப்படித்தான், தேடுறதை மட்டும் போட்டுப் போட்டு..." நிறுத்திக்கொண்டார். முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டார், கட்சித் துண்டுதான், நீலமும் வெள்ளையும். "அவ செல்வியைத் தூங்க வைக்கப் பாடுறப்ப வெளிய கட்டில்ல படுத்துக் கேட்டுக்கிட்டிருப்பேன். குட்டி வீட்டுக்கு வந்தப்புறந்தான் தூங்குவேன்." அப்புறம் குரலை இன்னும் தாழ்த்தினார். "இப்ப வேண்டாம். மாவட்டம் சாப்பிடப் போகட்டும். போனதும் முழுசாப் பாடிருங்க."

இறங்கிப் போய்விட்டார். சபா ஒரு பாட்டுப் பாடுகிறான், என்ன பாட்டு என்று என் காதில் விழவில்லை, நான் மாவட்டத்தின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மனிதனுக்குப் பசிக்க வேண்டும் என்று இவ்வளவு மனதார நான் யாருக்காகவும் வேண்டியதில்லை. கோவிந்தப்பன் சோபாவுக்குப் பக்கத்தில் குனிந்து, அண்ணே, பந்தி ரெடி, எல போட்டாச்சு என்கிறார். இருக்கட்டும் என்கிறார் மாவட்டம். சபா முடித்து இன்னொன்றை எடுக்கிறான். அண்ணே, ஐஸ்கிரீம் உருகிரும். சக்கரை எனக்கு, ஐஸ்கிரீம் ஆகாது. ஒன்றியம் எழுந்து, மாவட்டம் எழாததைப் பார்த்து உட்கார்ந்தது. வரவேற்புக்கு வந்த கூட்டம் கரைகிறது, மாப்பிள்ளை வீட்டார் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வேனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள், அந்தப் பெண் மணமேடையில் நின்றவாக்கில் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள், மாவட்டம் மட்டும் அணைக்கட்டு மாதிரி அசையவில்லை. சபாவின் பாட்டும் முடிந்தது. யாரும் ஒன்றும் ஆரம்பிக்கவில்லை. இவர் என்னைப் பார்க்கிறார், நான் கோவிந்தப்பனைப் பார்க்கிறேன், கோவிந்தப்பன் மகளைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, வந்து மாவட்டத்துக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தார். இவ்வளவு நேரமும் அவர் அந்த சோபாவில் உட்காரவே இல்லை, பின்னால் நின்றுகொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். இப்பவேயா. இப்பவே.

நான் எழுந்திருக்கிறேன். இவர் அதற்குள் சுருதியைப் பிடித்துவிட்டார், இந்த முறை கண்ணை மூடவில்லை. மாவட்டம் கோவிந்தப்பன் பக்கம் லேசாகச் சாய்கிறார், சோபா முனகுகிறது, மூன்றடி தூரம்தான், எனக்கு நன்றாகக் கேட்கிறது.

"என்னப்பா நகரம், இது அவங்க பாட்டுல்ல?"

"இல்லண்ணே," என்கிறார் கோவிந்தப்பன், என்னைப் பார்த்துக்கொண்டே. "எங்க வீட்டுப் பாட்டு."

மாவட்டம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, வயிற்றின் மேல் கையைக் கோத்துக்கொண்டார். நான் பல்லவிக்குப் போகவில்லை. நேராகக் கிணற்று மேட்டுக்குப் போனேன்.